மேல்தண்ணீரில் நட்ட குச்சிகள்

ஸ்கார் பண்ணையில் என் வேலை வாய்க்கால் மடை திறப்பது, முள்கம்பி இழுத்துக் கட்டுவது, வைக்கோல் கட்டு ஏற்றுவது. காசு கொடுத்துத் தூண்டில் போட விருந்தாளிகள் வரும் நாட்களில் மட்டும் முதலாளி லெனோரா அம்மா என்னைக் கம்பியிலிருந்து கழற்றி ஓடைக்கு அனுப்புவார். அன்றைக்கு நான் கைடு. விருந்தாளிக்குப் பின்னால் குனிந்து நடப்பேன். மீன் எங்கே மேய்கிறது என்று காதோரம் சொல்வேன். தூண்டில் முள்ளில் இறகு சுற்றிச் செய்த பொய் ஈ கிளையில் மாட்டினால் எடுத்துக் கொடுப்பேன், மீன் சிக்கினால் கைவலையை நீட்டுவேன். மறுநாள் மறுபடியும் கம்பி.

எங்கள் ஓடை மலைப்பனி உருகி வருவதல்ல. புல்வெளி நடுவில் தரையைப் பிளந்துகொண்டு தானாகவே கொப்பளித்து வருவது. ஜனவரியில் மாட்டுத் தொட்டி பாறையாக உறைந்து கிடக்கும்போதும் ஓடையில் ஆவி பறக்கும். அதில் உள்ள ட்ரவுட் மீன்கள் எல்லாம் அந்தத் தண்ணீரிலேயே பொரித்து அந்தத் தண்ணீரிலேயே வளர்ந்தவை. ஒன்றுகூட லாரியில் வந்ததில்லை. பக்கத்துப் பண்ணையில் லாரியில் கொண்டுவந்து விட்டார்கள். தொட்டிச் சுவரில் உரசி உரசிச் செட்டை தேய்ந்த மீன்கள். மனிதத் தலை தெரிந்தால் தீனி வருகிறது என்று கரைக்கு ஓடி வரும். எங்கள் மீன்கள் தலை தெரிந்தால் கரைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அப்புறம் நாம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த மீனைத் தேடித்தான் ஊர் ஊராய்த் தாண்டி ஆட்கள் வந்தார்கள்.

அந்த மீன் தொடர்ந்து வர வேண்டுமானால் மேல்தண்ணீர் பிழைக்க வேண்டும். குழாய்ப் பாலத்துக்கு மேலே ஊற்று வரைக்கும் உள்ள பகுதிக்கு நாங்கள் வைத்த பேர் அது. அங்கேதான் சரளை சுத்தமாக இருக்கும். அக்டோபர் குளிர் விழுந்ததும் பெரிய பெண் மீன்கள் ஏறி வந்து, உடம்பைச் சாய்த்து வாலால் சரளையை அடித்து அடித்துக் குழி பறித்து முட்டையிடும். மேலே சரளையை மூடிவிட்டு, சில நாள் அங்கேயே காவல் நின்றுவிட்டுப் போய்விடும். அந்த முட்டை பனிக்காலம் முழுக்கக் கல்லுக்கடியில் கிடக்கும். அதன்மேல் ஒரு ரப்பர் பூட்ஸ் ஏறினால் அந்தக் குழி முடிந்தது.

இதை லெனோரா அம்மாவிடம் சொன்னேன். மாட்டுக் கொட்டகைக் கதவில் சாய்ந்து நின்றபடி கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கொடுத்தார்.

"அக்டோபர் பொறந்தா பாலத்துக்கு மேல ஒரு தூண்டில் போகாது ஹார்லன். என் வார்த்தை."

எங்கள் பள்ளத்தாக்கில் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. கையுறை கழற்றிக் கொடுத்த கை போதும்.

என் மனைவி ரோனாவின் தம்பி டூயி. பெரிய ஆற்றில் படகு வைத்துக்கொண்டு விருந்தாளிகளை ஏற்றிப் போகிற கைடு. என் மாதிரி இல்லை, வாய் உள்ளவன். மீன் விழாத நாளிலும் விருந்தாளி சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார். இந்த வருஷம் கோடையிலேயே ஆறு வற்றிச் சூடாகிப் பாதி நாள் தூண்டிலுக்குத் தடை போட்டுவிட்டார்கள். படகு அவன் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

இலையுதிர்காலம் வந்ததும் மான் வேட்டைக்காரர்கள் ஒரு மானைச் சுட்டு, மேல்தண்ணீர் வழியாகவே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புதிதாய்ப் பறித்த முட்டைக்குழி ஒன்று சேறாகிவிட்டது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. தெரியாதவன் கண்ணுக்கு அது கொஞ்சம் வெளிறிப்போன சரளை, அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் கரையோர வில்லோப் புதரில் வெட்டிய ஒரு குச்சி நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டிவிட்டால் ஆட்கள் சுற்றிக்கொண்டு போவார்கள் என்று நினைத்தேன். டூயியிடம் சொன்னேன். சும்மாதானே இருக்கிறேன், நானும் வருகிறேன் என்றான்.

அந்த நாளை நன்றாகக் கழித்தோம். அவன் குச்சியை வெட்டி முனை சீவிக் கொடுக்க, நான் கரையோரமாகவே போய் நட்டேன்.

"மச்சான், மீனுக்குப் பிரசவ ஆஸ்பத்திரியே கட்டிட்ட. நீதான் ஆயாவா?"

"நீ வாட்ச்மேன். குச்சிய ஒழுங்கா சீவு."

"இதோ இங்க ஒண்ணு. அம்மாடியோவ், என்ன சைசு மச்சான் இது! என் தொடை இருக்கும் போல."

"கைய நீட்டாத மாப்ள. போயிடும்."

"போனா திரும்பி வரும்ல?"

"வரும். முட்ட இருக்கிற எடத்த விட்டு அது எங்க போகும்? கொஞ்ச நேரத்துல அதே எடத்துக்கு வந்து நிக்கும்."

"அதே எடத்துக்கா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். சிவப்புத் துணிக்காக ரோனா தன் பழைய சட்டையைக் கிழித்துக் கொடுத்திருந்தாள். கடைசித் துணியை அவனே கட்டினான்.

அதற்கப்புறம் நான் வடக்கு வேலியில் இருந்தேன். பனிக்கு முன் முடிக்க வேண்டிய வேலை. நினைத்ததைவிட ஒரு நாள் முன்னதாக முடிந்தது. மறுநாள் காலை மேல்தண்ணீர்ப் பக்கம் ஒரு கம்பி தளர்ந்து கிடந்த ஞாபகம் வந்து, குறடை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கினேன்.

ஓடை நடுவில் ஒருவர் நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும். புது ரப்பர் காற்சட்டை, புதுத் தொப்பி. தூண்டில் கோல் வில்லாக வளைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"வாங்க வாங்க! ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுமா? டூயி காபி எடுக்க வண்டிக்குப் போயிருக்காரு. என் வாழ்நாள்ல இவ்ளோ பெரிய ட்ரவுட்ட நான் கையால தொட்டதில்ல."

மீனைக் கிட்டே இழுத்து முள்ளைக் கழற்றி, கேமராவை என்னிடம் நீட்டிவிட்டு, இரண்டு கையாலும் அந்தப் பெண் மீனைத் தூக்கிப் பிடித்தார். அதன் வயிற்றிலிருந்து ஆரஞ்சு நிற முட்டைகள் நழுவி, அவர் விரல் இடுக்கு வழியாக ஒவ்வொன்றாய்த் தண்ணீரில் விழுந்தன. அவர் அதைப் பார்க்கவில்லை. கேமராவைத்தான் பார்த்தார்.

"சார், மீனத் தண்ணிக்குள்ள வைங்க. இறுக்காதீங்க. அப்படியே கைய எடுத்துடுங்க."

நல்ல மனிதர். சொன்னபடி செய்தார். மீன் கொஞ்ச நேரம் ஒருக்களித்துக் கிடந்துவிட்டுப் பிறகு நகர்ந்தது.

"உங்கள இங்க கூட்டிட்டு வந்தது டூயியா?"

"ஆமாங்க. கெட்டிக்காரரு! இந்தச் செவப்புத் துணிக் குச்சிங்கள பாத்தீங்களா? விருந்தாளிக்கு எடம் தெரியணும்னு அவரே நட்டு வச்சிருக்காரு. குச்சிக்கு ஒரு எட்டுக் கீழ நின்னு ஈய விடுங்க சார், அது எடத்த விட்டுப் போகாதுன்னாரு. அச்சு அசலா அப்படியே நடந்துச்சு. எங்க ஊர்ல இதச் சொன்னா நம்ப மாட்டாங்க." கை நீட்டினார். "என் பேரு லோவெல்."

கை கொடுத்தேன். அவர் கை வழுவழுவென்றிருந்தது.

வில்லோப் புதரைத் தாண்டி டூயி வந்தான். ஒரு கையில் பிளாஸ்க், ஒரு கையில் இரண்டு கோப்பை. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"மச்சான்! நீ இன்னிக்கு வடக்கு வேலியிலல்ல இருக்கணும்?"

"முடிஞ்சிடுச்சு மாப்ள. நேத்தே."

"எல்லாத்துலயும் அவசரம் உனக்கு. அதான் உன்கிட்ட இருக்கிற ஒரே கோளாறு." சிரிக்கப் பார்த்தான். லோவெல் சார் மட்டும் சிரித்தார்.

அவனைப் புதருக்குப் பின்னால் இழுத்துப் போனேன்.

"முட்ட மேல நிக்கிற மீனுடா. நம்ம தொழில்ல யாராவது அதுமேல தூண்டில் போடுவானா?"

"மெதுவாப் பேசு. பிடிச்சிட்டு விட்டுட்டுத்தானே வர்றாரு? யாரு இங்க மீன வறுத்துத் தின்னாங்க?"

"முட்ட கொட்டுது டூயி. அவரு கையில கொட்டுச்சு. நான் பாத்தேன்."

"நாலு முட்ட கொட்டுச்சுன்னு ஓட வத்திடுமா? மச்சான், இங்க பாரு. ஒரு குழியக்கூட யாரும் மிதிக்கல. குச்சியப் பாத்துச் சுத்தித்தான் கூட்டிட்டுப் போறேன். நீ சொன்ன மாதிரியே."

அவன் அதை நிஜமாகவே பெருமையாகச் சொன்னான்.

"லெனோராம்மாவுக்குத் தெரிஞ்சா உன்ன ஓட ஓட வெரட்டுவாங்க."

டூயி கோப்பைகளைப் பார்த்தான். "அவங்களுக்குத் தெரியாம கேட் சாவி எனக்கு எப்படி வந்துச்சு மச்சான்?"

லெனோரா அம்மா மாட்டுப் பட்டியில் கன்றுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். சேற்றில் நின்றபடியே கேட்டேன். வேலையை நிறுத்தாமல் பேசினார்.

"வார்த்த குடுத்தேன். மறக்கல."

"அப்புறம் எப்படிம்மா?"

"உங்க வீட்டு ஆளே வந்தான். மச்சான்கிட்ட பேசிட்டேன், கொஞ்சப் பேரு வந்தா பரவாயில்லன்னாருன்னான். உங்க வீட்டுக்குள்ள போய் நான் விசாரிக்கவா?"

"என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. கூப்பிட்டா கேக்குற தூரத்துலதான இருந்தேன்."

ஒரு கன்று வேறு பக்கம் ஓடியது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"கேட்டா நீங்க வேண்டாம்னுருப்பீங்க."

உண்மைதானே.

"எனக்கு இந்தப் பண்ணைய ஓட்டணும் ஹார்லன். செப்டம்பரோட ஓடைய மூடிட்டு உக்கார முடியல. பெரிய மீனு நிச்சயம்னா அக்டோபர்ல வர்றதுக்கு ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க."

"மீனு கொறஞ்சு போச்சுன்னா?"

"கொறஞ்சா லாரியில கொண்டாந்து விடுறது. எல்லாரும் விடுறாங்கல்ல?"

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். ரோனா மான்கறியும் உருளைக்கிழங்கும் வேகவைத்திருந்தாள். நான் பூட்ஸைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"டூயிய ஆளுங்க முன்னாடி இழுத்துட்டுப் போனியாமே."

"அதுக்குள்ள வந்து சொல்லிட்டானா?"

"போன் பண்ணான். பாவம், கொரலே நடுங்குச்சு."

உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் வலித்தது. அவள் தட்டில் கறியை நிறையப் போட்டாள், வழக்கத்தைவிட அதிகமாக. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

"ரோனா, உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

கரண்டியைப் பானையிலேயே வைத்துவிட்டாள்.

"குச்சி நடப் போனீங்களே, அதுக்கு முந்தின நாளு. இங்கதான் உக்காந்து சொன்னான்."

"முந்தின நாளா?"

"அவன் வேற என்ன பண்ணுவான், சொல்லு? ஆறு போச்சு. வந்த ஆளையெல்லாம் திருப்பி அனுப்பிட்டான். ரொம்ப நாளா வர்றவங்க வேற கைடப் பாத்துக்கிட்டாங்க. உன் ஓட சும்மாதானே கெடக்குது."

"சட்டையக் கிழிச்சுக் குடுத்தியே."

"கேட்டீங்க. குடுத்தேன்."

"எல்லாம் தெரிஞ்சு."

"உன்கிட்ட சொல்லிருந்தா விட்டிருப்பியா அவன?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

சாப்பிட்டேன். பசித்தது, சாப்பிட்டேன். அவள் ரொட்டியை என் பக்கம் நகர்த்தினாள். அதையும் எடுத்துக்கொண்டேன். என்னை நன்றாகத் தெரிந்தவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் மூன்று பேர்தான் உண்டு. நான் என்ன சொல்வேன் என்று மூவருக்கும் துல்லியமாகத் தெரிந்திருந்தது. தெரியாதவர்களாக இருந்திருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார்கள்.

அன்றைக்கு டூயி குச்சி சீவிக்கொண்டே சிரித்தபோதெல்லாம் அவன் மனசில் வேறு கணக்கு ஓடியிருக்கிறது. அதே இடத்துக்கா என்று அவன் கேட்டதை நான் மீன்மேல் உள்ள ஆசை என்று எடுத்துக்கொண்டேன்.

விடிந்ததும் மேல்தண்ணீருக்குப் போனேன். குச்சிகளையெல்லாம் பிடுங்கி எறிந்துவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். குறி இல்லாவிட்டால் டூயியால் பாதி மீனைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. முதல் குச்சியில் கை வைத்ததும் நின்றுவிட்டேன். குறி இல்லாவிட்டாலும் அவன் ஆட்களைக் கூட்டி வருவதை நிறுத்தப் போவதில்லை. கண்ட இடத்தில் இறக்குவான். லோவெல் சார் மாதிரி புது ரப்பர் காற்சட்டைக்காரர்கள் சரளை முழுக்க நடந்து தேடுவார்கள். தூண்டிலில் விழுந்த மீனாவது பிழைக்கலாம். மிதிபட்ட முட்டை பிழைக்காது. இடம் மாற்றி நட்டு ஏமாற்றலாமா என்றும் யோசித்தேன். பொய்க் குச்சியைச் சுற்றிப் போகிறவன் நிஜக் குழிமேல்தான் ஏறுவான்.

குச்சியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கரையேறி, தளர்ந்த கம்பியைத் தேடிப் போனேன். அந்த வேலி ஓடையோடு ஒட்டியே போகிறது.

வெயில் வந்த பிறகு டூயி வந்தான். லோவெல் சாரும், கூட அவர் வயதில் இன்னொருவரும். மூன்று பேரும் நாங்கள் எப்போதும் விருந்தாளிக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி முதுகை வளைத்து, புல்லுக்குள் பதுங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு வந்தார்கள். முதல் குழிமேல் ஒரு பெண் மீன் நின்றிருந்தது. எனக்குக் கரையிலிருந்தே தெரிந்தது.

நான் எழுந்து நின்றேன். கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, கரை விளிம்பில், சூரியனுக்கு முதுகைக் காட்டி நடந்தேன். என் நிழல் ஓடையின் அந்தக் கரைவரைக்கும் விழுந்தது. தண்ணீருக்குள் ஒரு சாம்பல் கோடு கிழித்தது போல் மீன் கரைக்கு அடியில் போய்விட்டது. அடுத்த குழிக்கு நடந்தேன். அங்கேயும் போனது. இத்தனை வருஷம் கைடாக இருந்ததில் ஓடைக்கரையில் நான் முதுகை நிமிர்த்தி நடந்தது அன்றைக்குத்தான்.

"மச்சான்!" டூயி பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான். "உக்காரு மச்சான். உக்காருய்யா."

ஒரு கம்பத்தை அசைத்துப் பார்த்தேன். ஆடியது. சுத்தியலால் அடித்தேன். ஓடை முழுக்கச் சத்தம் போனது.

புதிதாய் வந்தவர் எரிச்சலோடு கேட்டார். "யாருங்க அந்த ஆளு?"

லோவெல் சார் என்னை அடையாளம் கண்டுகொண்டு கையைத் தூக்கினார். அவர் வாயைத் திறப்பதற்குள் டூயி முந்திக்கொண்டான்.

"யாரோ பண்ண வேலைக்காரன் சார். காது கேக்காது. பாவம், கண்டுக்காதீங்க."

இருபத்தைந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் என் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவன்.

சுத்தியலைக் கீழே வைத்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து பொய் ஈக்கள் வைத்திருந்த பெட்டியைத் திறந்து எதையோ தேடினான்.

"கொஞ்சம் பொறுங்க சார். அவன் போனதும் மீனு திரும்பி வந்துடும்" என்றான் விருந்தாளிகளிடம்.

நான் போகவில்லை. அடுத்த கம்பத்துக்குப் போனேன். பிறகு அடுத்தது. மேல்தண்ணீர் முடியும் ஊற்றுவரைக்கும் போய்விட்டு, மறுபடியும் பாலம்வரை வந்தேன். அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். டூயி புல்லோரமாக ஊர்ந்து வந்து மச்சான், மச்சான் என்று கூப்பிட்டான். அக்காவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். கெட்ட வார்த்தையிலும் கூப்பிட்டான். நான் கம்பத்தைத் தட்டினேன். சட்டைப் பையில் போன் நடுங்கியது. நின்றது. மறுபடி நடுங்கியது.

மத்தியானம் லெனோரா அம்மாவின் பிக்கப் வண்டி மேட்டில் வந்து நின்றது. ஹாரன் அடித்தார். விட்டுவிட்டு அடித்தார், பிறகு கையை எடுக்காமல் அடித்தார். ஜன்னலை இறக்கி என் பேரைச் சொல்லிக் கத்துவதும் கேட்டது. இறங்கி வந்து சாவியையும் குறடையும் வாங்கிக்கொண்டு என்னைக் கேட்டுக்கு வெளியே அனுப்ப அவருக்கு உரிமை இருக்கிறது. அந்தச் சேற்றில் இறங்கிக் கரை சுற்றி என்னிடம் வந்து சேர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

காது கேளாதவன் என்று சொல்லியாகிவிட்டது. நான் திரும்பிப் பார்க்காமல், நிழல் தண்ணீரில் விழுகிற பக்கமாகப் பார்த்து அடுத்த கம்பத்துக்கு நடந்தேன்.